உருகி உறைந்தது

திருத்தணி பேருந்து நிலையத்தில், கடைசித் தூணோரமாகக் கூடை வைத்திருக்கும் பூக்காரம்மா, விற்காமல் தங்கிப்போன மல்லிகையைப் பிளாஸ்டிக் பையோடு கவிழ்த்துக் கொட்டினார். போன வாரம்தான். வெயில் இறங்கி, திருப்பதி வண்டிகள் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். பைக்குள் அடைபட்டுப் புழுங்கிய மல்லிகைக்கு இரண்டு மணம் உண்டு. ஒன்று சாமிக்குப் போகிற மணம். இன்னொன்று சாக்கடைக்குப் போகிற மணம். முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் ஒரு கணம் இருக்கிறது. மூக்கு இதுவா அதுவா என்று தடுமாறும் கணம். அந்தக் கணத்தில் என் கண்முன் ஒருவர் வந்து நின்றுவிடுவார். வெள்ளைக் கோட்டு, இறுக்கி முடிந்த கொண்டை, பூ இல்லாத தலை.

கூடவே கோபமும் வரும். அவர்மேல் அல்ல. அன்றைக்கும் வந்தது. பக்கத்து டீக்கடையில் எங்கள் பழைய கம்பெனி ஆள் ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் காலத்துக் கதையை எடுத்தார். “ஃப்ரீஸரத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போயி, எல்லாத்தியும் கெடுத்துட்டு, கடசியில சிங்க்ல ஊத்திட்டுப் போச்சே, அந்தம்மாதானே?” என்று கேட்டுவிட்டு வடையைப் பிய்த்தார்.

இல்லை. அப்படி ஓர் அம்மா எங்கள் கம்பெனியில் இருந்ததே இல்லை. இருந்தவரைச் சொல்கிறேன்.

கனகம்மாசத்திரம் தாண்டி, திருப்பதி போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கம் வேர்க்கடலை, ஒரு பக்கம் கரும்பு, நடுவில் தகரக் கூரை போட்ட கட்டடம். அதற்குள் நாங்கள் மனிதப் புரதம் செய்தோம். சொன்னால் சிரிப்பார்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் மரபணுவிலிருந்து ஒரு செய்தி நகலெடுக்கப்படுகிறது. அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் எடுத்த சூட்டில் அது எதற்கும் உதவாது. வால் நீண்டு, ஓரம் பிசிறாக இருக்கும். அதை வெட்டிச் சீராக்குவதற்கென்றே உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் செய்முறையை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவைப் பெருக்கி, உடைத்து, வடித்து, சுத்தப்படுத்தி, சுண்டுவிரல் நுனி அளவுள்ள குழாய்களில் உறைய வைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவோம். மலைமேல் தலைமுடி மழிக்கிறார்கள், கீழே நாங்கள் ஆர்.என்.ஏ.வை மழிக்கிறோம். பேக்கிங் மேசையில் இருந்த நாங்கள் அந்தப் புரதத்துக்கு ‘மொட்டை’ என்றே பெயர் வைத்திருந்தோம். டிரை ஐஸ் எனும் உலர்பனிக்கட்டியைப் பெட்டியில் அடுக்கி மொட்டையை வழியனுப்புவது என் வேலை. மொட்டையைச் செய்வது அவர் வேலை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் அவர் பெயரை வைத்துக்கொண்டு செய்ததெல்லாம் போதும். நாங்கள் மேடம் என்போம். பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும். போனில் அப்பாவிடம் பேசும்போது மட்டும் “நைனா” என்று குரல் இளகும். மற்ற நேரத்தில் இளகாது.

பூ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே போகக்கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். பாக்டீரியா பொங்கி வளரும் அறையில் ஒரு நெடி இருக்கும். புழுங்கிய மல்லிகையின் அதே நெடி. “அதே பொருள்தான். பூவிலயும் இருக்குது, நாத்தத்திலயும் இருக்குது. அளவுதான் வேற” என்பார். வளர்ப்பில் வேறு ஏதாவது கிருமி புகுந்துவிட்டால் நெடி மாறும். கருவி சொல்லுமுன் மூக்கு சொல்லிவிடும். தலையில் மல்லிகை இருந்தால் மூக்கு ஏமாந்துபோகும். ஆகவே கேட் தூணில் ஓர் ஆணி அடிக்கப்பட்டது. உள்ளே வரும் பெண்களெல்லாம் சரத்தைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு வந்தார்கள். சாலையில் போகிறவர்கள் எங்கள் கேட்டுக்கு தினமும் பூஜை நடப்பதாக நினைத்தார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டே போனார்.

அவர் தலையில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூடப் பூ இருந்ததில்லை. அதற்குப் பேசினார்கள். புருஷன் இல்லாதவரா, மதம் மாறினவரா என்று. பேசினவர்களில் முக்கால்வாசி பேர் அவர் கையால் வேலை கற்றவர்கள். மேலாளர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார். மேடம் துளி அளக்கும் பைப்பெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கல்யாணம் ஆவல. சாமி கும்புடுவேன். பூ புடிக்கும். ஆனா மூக்கு வேணும்.” அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில். ஒரு சொல் கூடுதலும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை.

அதுதான் அவர். கேட்டதற்குப் பதில் வேண்டும் அவருக்கு. வேறெதுவும் வேண்டாம். நாம் எத்தனை பேர் கேட்டதற்குப் பதில் சொல்கிறோம்? குழாயில் தண்ணீர் வருமா என்றால் ‘வந்துடும்’ என்கிறோம். பாலத்தில் விரிசலா என்றால் ‘பரவாயில்ல’ என்கிறோம். விரிசல் இருக்கிறதா இல்லையா? பரவாயில்ல. இந்த ஒரு சொல்லைத் தின்று, இந்த ஒரு சொல்லைக் குடித்து, இதன்மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு எரியும்.

ரயிலடிப் பக்கம் ஒரு டிபன் கடை. காலை பத்துமணிப் பசியில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சட்னி எப்போது அரைத்தது என்று அவர் கேட்டார். கடைக்காரர் நல்ல மனிதர். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய், “பரவாயில்லம்மா, நல்லாத்தான் கீது” என்றார்.

“நல்லா கீதான்னு கேக்கலண்ணா. எப்ப அரைச்சதுன்னு கேட்டேன்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். கடைசிவரை அந்த மனிதர் வாயிலிருந்து நேரம் வரவில்லை. மேடம் வெறும் இட்லியைத் தின்றார், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு. கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. அந்தச் சட்னி கெட்டது என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தின்ன அவர் தயாரில்லை.

தன்மேலும் அதே கண்டிப்புத்தான். ஒருநாள் மத்தியானம், பெட்டிகள் கூரியர் வண்டியில் ஏறிப் போன பிறகு, பேக்கிங் அறைக்கு ஓடிவந்தார். ஒரு குழாயில் தவறான லேபிள் ஒட்டியிருக்கிறதாம். யார் தவறு என்று நான் கேட்பதற்குள், “என் தப்புதான்” என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். என் பைக்கில் பின்னால் ஏறினார். பாதி எழுந்து நின்றபடி, கோட்டு காற்றில் படபடக்க, கனகம்மாசத்திரம் வரைக்கும் வந்தார். பஸ் ஸ்டாப் கடை ஒன்றில் கூரியர் டிரைவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே பெட்டியைத் திறந்தோம். உலர்பனிக்கட்டியின் வெண்புகை சாலையோரம் வழிந்தது. கொய்யாக்கடை ஆயா கும்பிட்டார்.

“இன்னாங்க மேடம் அதுல, பால்கோவாவா?” என்றார் டிரைவர்.

“மனுசப் புரதம்.”

டிரைவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டார். மனுசனுதா, எந்த மனுசனுது என்று அவர் பின்வாங்குவதைப் பார்த்து மேடம் அன்றைக்குத்தான் சிரித்தார். எந்த மனுசனிடமிருந்தும் எடுக்கவில்லை, சமையல் குறிப்பு மட்டும்தான் மனுசனோடது, சமைத்தது கிருமி என்று விளக்கினார். கிருமி சமைத்ததைக் கேட்டு டிரைவர் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார். லேபிள் மாறியது. வண்டி போனது.

திரும்பும்போது, ஏனோ, அவராகவே சொன்னார். அவரும் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர். இதே மாதிரி எங்கிருந்தோ வாங்கிய ஒரு குழாய்ப் புரதத்தை வைத்துக்கொண்டு சோதனைமேல் சோதனையாகச் செய்தார். ஒன்றும் சரிவரவில்லை. வழிகாட்டி எல்லார் முன்னாலும் சொன்னாராம், உன் கை சரியில்லை என்று. இவரும் நம்பினார். கையைக் கழுவிக் கழுவிச் செய்தார். ராசியில்லாத கை என்று அம்மா தாயத்துகூடக் கட்டிவிட்டார். பட்டம் வாங்காமல் வீடு திரும்பிய பிறகுதான், அங்கே சேர்ந்த வேறொரு பெண் அந்தக் குழாயைப் பரிசோதித்து, அது வரும்போதே செத்துப்போன புரதம் என்று கண்டுபிடித்தாள்.

“கெட்டுப்போன பால் திரிஞ்சி காட்டிடும் சார். புரதம் காட்டாது. கண்ணாடி மாதிரி தெளிவா உக்காந்துகினு இருக்கும். நாமதான் கெட்டுப்போயிட்டோம்னு நெனச்சிக்குவோம்” என்றார். காற்றில் பாதி போய்விட்டது. மீதியை இத்தனை நாளாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆழ்குளிர்ப் பெட்டிக்குள், அதாவது ஃப்ரீஸருக்குள், மேடம் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். கிண்ணத்தில் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாய் இருக்கும். அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு. நாம் இல்லாத நேரத்தில் பெட்டி குளிர் இழந்து பனி உருகினால் காசு அடிக்குப் போய்விடும். மறுபடி உறைந்தாலும் அடியிலேயே கிடக்கும். அந்தக் காசைத் தினமும் பார்ப்பார், சிலர் விளக்கேற்றுவது மாதிரி.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு அவர் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தார். எங்கள் மேலாளர் பக்திமான். கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவர். வருஷம் முழுக்க ஓடுகிற இயந்திரங்களுக்கு அன்றைக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டாமா? தறியை நிறுத்துகிறோம், டிராக்டரை நிறுத்துகிறோம். அவர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். ஆழ்குளிர்ப் பெட்டியையும் அணைத்தார். அது அபாய மணி அடித்துக் கத்தியது, பேட்டரியைக் கழற்றினார். உள்ளே அப்பியிருந்த பனியைத் துடைத்துச் சுத்தம் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். வாழைக்கன்று நின்றதால் கதவு மூடவில்லை. மறுநாள் விஜயதசமி. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, வாழைக்கன்றை அவிழ்த்துக் கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார். பெட்டி மறுபடி குளிர்ந்தது. முகப்பில் பழைய வெப்பநிலை எண்ணே தெரிந்தது.

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. வெள்ளை மனசு. மேடம் வந்து, கிண்ணத்தைத் தூக்கி, அடியில் கிடந்த காசைக் காட்டி, பெட்டியை அணைத்தீர்களா என்று கேட்டபோது, “ஆங், நான்தாம்மா. ஒருநாளாவது ரெஸ்ட் வேணாமா அதுக்கு?” என்று உடனே சொன்னார். கேட்டதற்குப் பதில். மேடம் அவரைத் திட்டவே இல்லை.

கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் மொட்டை. அதில் ஒரு பங்கு, வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்குப் போக வேண்டியது. இந்த வாரமாவது அனுப்புவீங்களாண்ணா என்று அவள் பல நாளாக எனக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். மேடம் குழாய்களை எடுத்துப் பரிசோதித்தார். மூலையில், மேலாளர் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்த சின்னக் குளிர்ப்பெட்டியில் பழைய குழாய் ஒன்று உருகாமல் இருந்தது. அதையும் இதையும் ஆர்.என்.ஏ.வோடு கலந்து, மின்சாரம் பாயும் ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்; வெட்டுப்பட்ட துண்டு கீழே இறங்கும், வெட்டுப்படாதது மேலேயே நிற்கும். பழைய புரதம் ஆர்.என்.ஏ.வை முழுக்க வெட்டியிருந்தது. ஊதா வெளிச்சத்தில் ஒரே கோடாகக் கீழே இறங்கி மின்னியது. உருகி உறைந்த புரதம் பாதியை வெட்டி, பாதியை அப்படியே விட்டிருந்தது. மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு.

முதலாளியிடம் போனார். முதலாளி குரல் உயர்த்தாதவர். பண்டிகைக்குப் புடவை கொடுப்பவர். என் கோபமே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், “பாதி வேலை செய்யுது இல்ல? பரவாயில்ல. ரெண்டு பங்கா ஊத்திக்கட்டும். ஆராய்ச்சிக்குத்தானேம்மா. யாரு குடிக்கப்போறா?”

“குடிச்சா தேவல சார். வயித்த வலிக்கும், தெரிஞ்சிடும். இது தெரியாது. அந்தப் பொண்ணு தன் கையத்தான் சந்தேகப்படும்.”

மேடம் கொட்டச் சொல்லவில்லை. இதை ஊர் கேட்க வேண்டும். அவர் கொட்டிவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது லேபிள் எழுதிக்கொண்டு போயிருந்தார்: ‘உருகி உறைந்தது. பாதிதான் வேலை செய்யும்.’ இதை ஒட்டி அனுப்பலாம், வேண்டுகிறவர்கள் வாங்கட்டும், எவ்வளவு ஊற்றுவது என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். முதலாளி சிரித்தார். இப்படி எழுதினால் யாரம்மா வாங்குவார்கள் என்றார். அந்த லேபிளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாளைக்கே பேக்கிங் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் மேடம் ஆழ்குளிர்ப் பெட்டியைத் திறந்தார். நான் உலர்பனிக்கட்டி மூட்டையோடு பின்னால் நின்றிருந்தேன். கிண்ணத்தில் காசு மேலே இருந்தது. புதுத் தண்ணீர், புதுப் பனிக்கட்டி, மேலே பதவிசாக ஒரு ரூபாய். அதன் விளிம்பில் சந்தனம் லேசாக ஒட்டியிருந்தது. மேலாளரின் விரல். அவராகச் செய்திருக்க மாட்டார்; முதலாளி வைக்கச் சொன்னால் வைப்பார். மேடத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

புரதம் பாதி செத்தது விபத்து. காசு மேலே ஏறியது விபத்தா?

 மேடம் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். குழாய்கள் உருகுகிற வரை காத்திருந்தார். பிறகு சிங்க்கருகே போய், ஒவ்வொரு மூடியாகத் திறந்து, பிளீச்சிங் கரைசலில் ஊற்றினார். எல்லாம் சேர்ந்தும் ஒரு டீ கிளாஸ் நிறையவில்லை. அத்தனை இரவும் பகலும் பொங்கிய பாக்டீரியா, அத்தனை வடிகட்டல், அவருடைய சொந்த உழைப்பு. அழவில்லை. நான் பக்கத்தில் போய் சிங்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஓடியது.

அதன்பின் என் மேசைப் போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். இங்கிருந்து வராது, கெட்டுவிட்டது, வேறிடத்தில் வாங்கிக்கொள் என்றார். “உன் கை எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா எங்க குழாயால அது கெட்ட பேர் வாங்க வேணாம்.” அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். மேடம் முகம் சிவந்துவிட்டது. “பரவாயில்லன்னு சொல்லாதம்மா. கோவப்படு” என்று போனை வைத்தார்.

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவர் பேருந்து ஏறுமுன்பே கதை தயாராகிவிட்டது. கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போனார். தப்பை மறைக்க ஊற்றிவிட்டார். பூ வைக்காத பொம்பளை, ஆயுதபூஜைக்குக்கூட நிற்காதவள், வேறென்ன செய்வாள்? மேலாளர் மறுக்கவில்லை. கேட்டில் பூவை மாட்டிவிட்டு உள்ளே வந்த பெண்கள் மறுக்கவில்லை. முதலாளி மட்டும் பெருந்தன்மையாக, போகட்டும் பரவாயில்ல என்றாராம். நானும் அங்கே அதிக நாள் தங்கவில்லை. இன்று அந்தக் கட்டடத்தில் மாட்டுத்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கேட் தூணில் ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் பையை என் பைக்கில் வைத்து, பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டது நான்தான். பள்ளிப்பட்டு வண்டி நின்றிருந்தது. இனிமேல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். ஆறுதலாக எதையும் சேர்க்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். அப்போது அவர் திரும்பி, கடைசித் தூணோரம் உட்கார்ந்திருந்த பூக்கூடையைப் பார்த்தார். அருகே போய்க் குனிந்து முகர்ந்தார். இனி அந்த மூக்கு எந்த அறைக்குள்ளும் போக வேண்டியதில்லை.

“எப்ப பறிச்ச பூம்மா?”

“பரவாயில்ல கண்ணு, ராத்திரி வரைக்கும் தாங்கும்.”

“தாங்குமான்னு கேக்கல.”

பூக்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த சரத்தைப் பார்த்தார். வண்டி நகரத் தொடங்கியது.

“நேத்துப் பறிச்சதும்மா” என்றார், மெதுவாக.

மேடம் தலையைத் திருப்பிக் கொண்டையை அவர் பக்கம் காட்டினார்.

“ஆங். இப்ப வெச்சி வுடுங்க.”